லிஃப்ட்டில் ஏறாதவரிடம் ஒரு லிஃப்ட் கேள்வி

"வெளிய எதுக்கு சார் ரெண்டு பட்டன்?"

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணல் அறையில் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. அவர் வேலை தேடி வந்தவர். நான் இரண்டு பேர் கொண்ட பேனலில் இளையவன். பத்து மாடிக் கட்டடம், மூன்று லிஃப்ட். எந்த மாடியில் பட்டனை அழுத்தினால் எந்த லிஃப்ட் போக வேண்டும் என்று முடிவு செய்யும் புரோகிராமை வடிவமைத்துக் காட்டச் சொல்லியிருந்தோம். மென்பொருள் நேர்காணலுக்குப் போன பலருக்கும் பழக்கமான பழைய கேள்விதான். அவர் மார்க்கரைப் பிடித்தபடி ஒயிட்போர்டு முன் நின்றார். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட்டுக்கு வெளியே மேலே போக ஒரு பட்டன், கீழே போக ஒரு பட்டன் இருக்கும் என்று என்னுடன் இருந்தவர் சொன்னபோதுதான் அப்படிக் கேட்டார். உடனிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்து நிமிடம் கழித்து மதிப்பீட்டுப் படிவத்தில் "தர்க்கச் சிந்தனை போதாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன. தன் ஊர்ப் பால் சொசைட்டிக்கு அவரே எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருள் பற்றியவை. தினமும் இரண்டு வேளை யார் எவ்வளவு பால் ஊற்றினார்கள், கொழுப்புச் சத்து எவ்வளவு, பட்டுவாடா நாளில் யாருக்கு எவ்வளவு. உண்மையான மனிதர்கள், உண்மையான பணம். கணக்கு தப்பினால் மறுநாள் காலையில் வாசலில் சண்டை. மென்பொருள் எழுதும் வேலை என்பது இதுதான். அதைப் பற்றி நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

என் கதைக்கும் வருகிறேன். நான் வளர்ந்தது கயத்தாற்றில். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் உண்டு. பத்து மாடிக் கட்டடம் கிடையாது. அம்மா தீப்பெட்டி ஒட்டிய கூலியில் படித்தவன். நான் முதன்முதலில் லிஃப்ட்டில் ஏறியது கல்லூரிக் காலத்தில், திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில். அப்படியிருக்க, என்னுடைய நேர்காணலில் இதே லிஃப்ட் கேள்வி வந்தபோது எப்படிச் சரியாகச் சொன்னேன்? விடுதியில் எனக்கு மூத்த அண்ணன் ஒருவர், முந்தைய ஆண்டுகளில் கேட்கப்பட்ட கேள்விகளை விடையோடு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். "தம்பி, இதுல நாப்பது கேள்வி இருக்கு. இதை மட்டும் உருப்போட்டுரு" என்றார். அதில் லிஃப்ட்டும் இருந்தது.

எனக்கு அந்த வேலை கிடைத்ததில் என் திறமையைவிட அந்த ஜெராக்ஸுக்குத்தான் பங்கு அதிகம். பிறகு கேள்வி கேட்கும் நாற்காலியில் நானே உட்கார்ந்தபோது, என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியையே எடுத்து அடுத்தவரிடம் நீட்டினேன். விடை மனப்பாடமாகத் தெரியும் என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஜெராக்ஸ் கொடுக்க ஓர் அண்ணன் வாய்க்கவில்லை. எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்று நான் அந்தத் துறையில் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் தோழர்கள் பலர் அங்கே இருக்கிறீர்கள். சிலர் பேனலிலும் உட்காருகிறீர்கள். உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது வெறும் தொழில்நுட்ப முடிவு போலத் தோன்றும். யாரை உள்ளே விடுவது என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாத நாட்டில், ஒரு தலைமுறையின் விதியை ஒரு மணி நேரக் கேள்வி பதில் தீர்மானிக்கிறது. அந்தக் கேள்விகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது சமூகநீதிப் பிரச்சினை.

கேள்விக்குள் இருக்கும் வீடு

நேர்காணல்களில் சுற்றிவரும் கேள்விகளைக் கொஞ்சம் பாருங்கள். சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி வை. குதிரையை எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே ஒரு முறை கொண்டுபோ. டென்னிஸ் ஆட்டத்தின் மதிப்பெண்ணைக் கணக்கிடு. பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தை வடிவமை. 52 சீட்டுகளைக் கலைத்துப் போடு.

இவற்றில் கேட்கப்படும் அல்காரிதம் ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. ஆனால் அதைத் தொடுவதற்கு முன்பே வேறொன்று தெரிந்திருக்க வேண்டும். ராணி எப்படி நகரும், டென்னிஸில் பதினைந்து, முப்பதுக்குப் பிறகு ஏன் நாற்பது வருகிறது, கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் எங்கே வாங்குவார்கள்? இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை, வீட்டிலிருந்து வருகிறது. சீட்டாட்டம் நம் ஊர் ஆண்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகளைச் சீட்டுக்கட்டைத் தொட விட்ட வீடுகள் எத்தனை? இது தெரிந்தவர் முதல் நிமிடத்திலேயே கணக்குக்குள் போய்விடுகிறார். தெரியாதவர் முதல் பத்து நிமிடத்தைக் கேள்வியைப் புரிந்துகொள்வதில் செலவிடுகிறார். "வெளிய எதுக்கு ரெண்டு பட்டன்" என்று கேட்டால் சிரிப்பார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்பவர்களே அதிகம்.

இன்னொரு வகைக் கேள்விகளில் கதையே இருக்காது. ஒரு பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கு. ஒரு லிங்க்டு லிஸ்ட்டில் சுழற்சி இருக்கிறதா என்று பார். இவை எல்லோருக்கும் பொதுவானவைதானே என்று தோன்றும். உண்மையில் இவற்றைத் தீர்ப்பதற்குத் தேவை முன்பழக்கம். லீட்கோட் மாதிரித் தளங்களில் நூற்றுக்கணக்கான கேள்விகளைப் பல மாதம் உட்கார்ந்து போட்டவர்களுக்கு, நேர்காணலில் வரும் கேள்வி ஏற்கெனவே பார்த்த கேள்வி. படிப்பு முடிந்து ஆறு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து பயிற்சி எடுக்க யாரால் முடியும்? கல்விக் கடன் தவணையும் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளையால் முடியுமா?

இந்தக் கேள்விகள் வேலைத் திறனையாவது சரியாக அளக்கின்றனவா என்றால், அதிலும் துறைக்குள்ளேயே சந்தேகம் உண்டு. மேக் கணினி வைத்திருக்கும் நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல், பைனரி ட்ரீயை ஒயிட்போர்டில் தலைகீழாக்கத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்தது என்று 2015-இல் எழுதினார். அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே அவருடைய மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, கூகுளின் மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், மூளையைக் குழப்பும் புதிர்க் கேள்விகளால் ஒரு பயனும் இல்லை, கேட்பவரின் அறிவுச் செருக்கைத்தான் அவை திருப்திப்படுத்துகின்றன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தார்.

2020-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. 48 மாணவர்களுக்கு ஒயிட்போர்டுக் கேள்வி கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே தீர்க்க வேண்டும். மற்றவர்கள் தனியறையில் தீர்க்கலாம். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே விழுந்தது. பார்வையாளர் முன்னால் தீர்த்த பெண்களில் ஒருவர்கூடச் சரியாக முடிக்கவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் முடித்தார்கள். சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் ஒன்று விளங்குகிறது: அந்த அறையில் அளக்கப்படுவதில் பெரும்பகுதி பதற்றம். பள்ளியில் ஆசிரியர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசினாலே "என்ன, எதிர்த்துப் பேசுற?" என்று அடக்கப்பட்ட பிள்ளைக்கு, அந்நியர் இருவர் முன்னால் ஆங்கிலத்தில் "சத்தமாக யோசிப்பது" எவ்வளவு பெரிய சுமை என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம்

தமிழ்நாட்டுக்கு இது புதிய விவாதம் இல்லை. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. தகுதியானவரைத் தேர்ந்தெடுக்கத்தான் என்றார்கள். நடந்தது என்ன? நகரங்களில் பயிற்சி மையங்கள் முளைத்தன. கட்டணம் கட்ட முடிந்தவர் முந்தினார். முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று 2006-இல் சட்டம் இயற்றி அந்தத் தேர்வை நீக்கினோம். அப்போதும் "தரம் போய்விடும்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் என்னைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பொறியியல் கல்லூரிகளுக்குள் திரளாக நுழைந்தோம். 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது.

கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டோம். ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து, நாம் நீக்கிய அதே நுழைவுத் தேர்வு, அதே பயிற்சி மையங்களோடு, நிறுவனத்தின் வாசலில் நிற்கிறது. இந்த முறை அதை நடத்துவது அரசு இல்லை. பாடத்திட்டம் கிடையாது, விடைத்தாள் நகல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது.

சாதி எங்கே வருகிறது?

"லிஃப்ட் தெரியாதது ஏழ்மைப் பிரச்சினை. இதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழைப் பார்ப்பனக் குடும்பத்துப் பிள்ளைக்கும் லிஃப்ட் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய உறவினர் வட்டத்தில் ஏற்கெனவே மென்பொருள் துறையில் இருப்பவர் ஒருவராவது இருக்கும் வாய்ப்பு அதிகம். சென்னையில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர்கள் ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் தமிழ்ப் பார்ப்பனர்கள் நிலவுடைமையிலிருந்து அரசு வேலைக்கும், அங்கிருந்து மென்பொருளுக்கும் நகர்ந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸை ஆராய்ந்த அஜந்தா சுப்ரமணியன், சாதி வழியாகச் சேர்ந்த மூலதனம் எப்படித் தனிமனிதத் 'தகுதி'யாக உருமாறுகிறது என்று 2019-இல் வெளிவந்த தன் நூலில் காட்டினார். நமக்கு ஜெராக்ஸ்; அவர்களுக்குச் சித்தப்பா. இரண்டும் இல்லாதவர்கள் சேரித் தெருக்களில் இருக்கிறார்கள்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது. சுயமரியாதை இயக்கம் தந்த கொடை அது. ஆகவே சாதியைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் சுற்றிவளைத்துத்தான் வர வேண்டும். "சொந்த ஊர் எது?" "கயத்தாறு சார்." "கயத்தாறுல எந்தப் பக்கம்?" "அப்பா என்ன பண்றாங்க?" கோடிங் கேள்விக்கு முன்னால் பதற்றத்தைக் குறைக்கக் கேட்பதாகச் சொல்லப்படும் இந்தக் கேள்விகள் யாருடைய பதற்றத்தையும் குறைப்பதில்லை. ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் இதேதான்: தகுதி மட்டுமே முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், 'குடும்பப் பின்னணி' கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள்.

அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் தலித் பெயருக்கு இருந்தது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெல்லிப் பகுதியில் பானர்ஜி உள்ளிட்டோர் செய்து 2009-இல் வெளியான இதே மாதிரி ஆய்வில், மென்பொருள் வேலைகளுக்கு மட்டும் சாதிப் பெயரால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதை வைத்து மென்பொருளில் சாதி இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அந்த ஆய்வு அளந்தது நேர்காணலுக்கு அழைப்பு வருகிறதா என்பதை மட்டும்தான். அழைத்த பிறகு அறைக்குள் என்ன நடந்தது என்பதை அது பார்க்கவில்லை. நாம் பேசுவது அந்த அறையைப் பற்றி.

அறையைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கும் சாதி காத்திருக்கிறது. 2020 ஜூனில் கலிஃபோர்னியாவின் குடிமை உரிமைத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அங்கே பணியாற்றிய இந்திய வம்சாவளி மேலாளர்கள் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐஐடிக்கு இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், அதன்பின் அவர் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது, மேலாளர்கள் மீதான வழக்கை 2023-இல் அந்தத் துறையே கைவிட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. தீர்ப்பு எப்படி இருந்தாலும், நுழைவு எப்படி நடந்தது என்பதை ஆயுளுக்கும் பேசும் ஒரு மனநிலை அந்த வழக்கால் உலகத்துக்குத் தெரிய வந்தது. லிஃப்ட் கேள்வியில் தேறியவரை யாரும் "நீ சித்தப்பா கோட்டாவா?" என்று கேட்பதில்லை.

வேறு என்ன கேட்கலாம்?

"அப்படியானால் யாரையும் சோதிக்காமல் எடுக்கச் சொல்கிறீர்களா? தரம்?" 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கிலிருந்து நாம் கேட்டுவரும் கேள்வி. சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையைச் சோதியுங்கள் என்கிறேன். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ, கல்லூரிப் பட்டமே இல்லாத பிள்ளைகளைப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்து வருகிறது. அதன் நிறுவனரின் அரசியல் நமக்கு ஏற்பில்லை. ஆனால் பட்டமும் புதிரும் இல்லாமல் நல்ல நிரலாளரைக் கண்டெடுக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒரு தீப்பெட்டி ஆபீஸின் ஒரு வாரப் பதிவேடு. தேதி, தொழிலாளி பெயர், எண், முடித்த குரோஸ் எவ்வளவு. வாரக் கூலியைக் கணக்கிட வேண்டும். பதிவேட்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் பதிவு இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஒருவருக்குப் புதன்கிழமை விடுபட்டிருக்கிறது. முதலில் கூலியைச் சரியாகக் கணக்கிடட்டும். அடுத்து, இந்தப் பதிவேட்டில் எதையெல்லாம் நம்பக் கூடாது என்று சொல்லட்டும். பிறகு, பத்து லட்சம் வரிகள் வந்தால் என்ன மாற்றுவார் என்று கேளுங்கள். ஹேஷ் மேப் தெரியுமா, விதிவிலக்குகளை யோசிக்கிறாரா, வேகம் பற்றிய புரிதல் உண்டா என்பதெல்லாம் இதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சென்னையில் வளர்ந்த பிள்ளைக்குக் குரோஸ் என்றால் 144 என்று தெரியாது. எனவே கேள்வித்தாளிலேயே அதை எழுதியிருக்க வேண்டும். லிஃப்ட்டை எடுத்துவிட்டுத் தீப்பெட்டியை வைப்பதல்ல நம் நோக்கம். கேள்விக்குத் தேவையான உலக அறிவு முழுவதும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையிருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் லிஃப்ட்டைக்கூடக் கேட்கலாம், பட்டன் பற்றி நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டு.

பேனலில் இருக்கும் தோழர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை இன்னும் உண்டு. எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை நேர்காணலுக்கு முன்பே எழுதி வையுங்கள். ஆளுக்கு ஆள் மாறும் பேச்சைவிட இத்தகைய ஒழுங்கான நேர்காணலே பிற்கால வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது என்று தொழில்சார் உளவியல் ஆய்வுகள் பல்லாண்டுகளாகச் சொல்கின்றன. என்னென்ன தலைப்புகளில் கேட்பீர்கள் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்புங்கள்; அப்போது ஜெராக்ஸ் வைத்திருப்பவரின் தனிச் சலுகை குறையும். அரை மணி நேரம் தனியாக எழுத விட்டுவிட்டு, பிறகு வந்து பேசுங்கள். தமிழில் விளக்க அனுமதியுங்கள். கல்லூரிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் மறைத்துவிட்டு விடையைத் திருத்துங்கள். அப்பா என்ன வேலை என்று கேட்காதீர்கள். உடனிருப்பவர் கேட்டால் தடுங்கள். அவர் ஏற்கெனவே எழுதிய புரோகிராமைக் காட்டச் சொல்லி, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேளுங்கள்.

இதனால் சாதி ஒழிந்துவிடாது. தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த கவின் செல்வகணேஷ் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். எல்லா நேர்காணல்களையும் தாண்டியவர். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் சாதி ஆணவம் அவரை வெட்டிக் கொன்றது. அவருக்கு வயது 27. நல்ல வேலை கிடைத்தால் சாதி பின்னால் நின்றுவிடும் என்று எங்கள் பகுதிப் பெற்றோர் நம்பிய நம்பிக்கையின் மீது விழுந்த வெட்டு அது. தனியார் துறை இடஒதுக்கீடு, ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டம் ஆகிய கோரிக்கைகளுக்கு மாற்றாக நான் இந்தக் கேள்வித்தாள் சீர்திருத்தத்தை முன்வைக்கவில்லை. அவற்றுக்காகத் தெருவில் நிற்கும்போதே, நம் கையில் அதிகாரம் இருக்கும் ஒரு சின்ன அறையை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. வெளியே எதற்கு இரண்டு பட்டன்? உள்ளே நிற்பவர் எந்த மாடி என்று சொல்லிவிடுகிறார். வெளியே காத்திருப்பவர் எந்தத் திசையில் போக வேண்டும் என்பது தெரிந்தால்தான், அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும் லிஃப்ட்டை அவருக்காக நிறுத்த முடியும். அந்த வடிவமைப்பின் மையமே அதுதான். ஜெராக்ஸில் விடையை உருப்போட்ட நான் ஒருபோதும் அதைக் கேட்டதில்லை. லிஃப்ட்டைப் பார்த்துப் பழகாத அவர் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டார். அறையிலிருந்த மூவரில் சரியாக யோசித்தவர் அவர்தான். நாங்கள் சிரித்தோம்.

அடுத்த வாரம் உங்கள் பேனல் கூடும்போது அந்தக் கேள்விப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் எங்கள் சிரிப்பு இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அழித்துவிட்டு, புதிய கேள்வியை எழுதுங்கள்.